உறவுமுறைக் கட்டம்

முப்பத்தோரு வருடம் அமெரிக்காவின் டொலீடோ நகரக் கண்ணாடி ஆலையில் உழைத்து ஓய்வுபெற்ற டுவேன், கம்பெனியில் சேர்ந்த ஓய்வுகாலச் சேமிப்பைத் தன் பெயரில் தனிக்கணக்காக மாற்ற வங்கிக்கு வந்திருந்தார். கூடவே வெர்னாவும்.

"செக்கை உன் பேருக்கு வாங்கித் தொலைக்காதய்யா. அஞ்சுல ஒரு பங்கை வரின்னு பிடிச்சுக்குவாங்க. நேரா புதுக் கணக்குக்கே போகட்டும்," என்றாள் அவள்.

"சரி தாயே."

வங்கிப் பெண் கைலா சொன்னாள்: "பழைய கணக்குல போட்ட வாரிசு பேரு இங்க தானா வராது சார். புதுசா எழுதணும்."

"வெர்னா."

"நம்ம மக பேரை எழுதுய்யா."

"வெர்னாதான்."

கைலா சிரித்தாள். "உறவுமுறை, மனைவின்னு போட்டுடறேன்."

"போடாதம்மா," என்றாள் வெர்னா. "விவாகரத்தாகி பதினோரு வருஷமாச்சு. இந்த ஆளைத் தனியா விட்டா சொதப்புவார்னுதான் வந்தேன்."

"அப்ப 'மற்றவர்'னு போடவா?"

டுவேன் சட்டையின் கழுத்துப் பட்டனைக் கழற்றிக்கொண்டார். "மனைவின்னே போடுங்க. கையெழுத்தை மத்தியானம் வந்து போடறேன்."

"மத்தியானத்துக்குள்ள என்ன மாறிடும்?" என்றாள் வெர்னா.

"எதிர் கோர்ட்டுல கல்யாண லைசென்ஸ் இன்னிக்கே தருவாங்களாம். விசாரிச்சுட்டேன்."

வெர்னா கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அந்த லைசென்ஸ் தாளை நான் முழுசா படிச்ச அப்புறம்தான் நீ கையெழுத்துப் போடணும்," என்றபடி எழுந்தாள்.