மலையும் நட்சத்திரமும் ஒரே லென்ஸில்

இதை எனக்குச் சொன்னவன் என் தம்பி. இருபது வருஷமாகக் கேமரா கடையில் லென்ஸ் விற்கிறவன். போன மாதம் காய்ச்சலில் கிடந்த என்னைப் பார்க்க வந்தபோது, கேட்காமலே சொன்னான்.

அன்றைக்குக் கடைக்குள் முதலில் நுழைந்தது அந்த அம்மாவின் குரல்தான்.

“ரெண்டு படி ஏறணும். வாசல்லயே நின்னு தவம் பண்ணப் போறீங்களா?”

பின்னாலேயே கணவர் வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியாராம்.

“மலை முழுசும் ஒரே படத்துல அடங்கணும் தம்பி. அதே லென்ஸ்ல நட்சத்திரமும் எடுக்கணும்.”

“முதல்ல உட்காருங்க. இடது பக்கம் நாற்காலி இருக்கு, அது ஒண்ணும் கடிக்காது!” என்றார் அந்த அம்மா.

என் தம்பிக்குச் சுருக்கென்றது. இரண்டு லென்ஸை எடுத்து வைத்தான்.

“ரெண்டுமே அகலமா எடுக்கிற லென்ஸ்தான் சார். இது மலை, கடலுக்கு நல்லா இருக்கும், நட்சத்திரத்துக்குத் திணறும். அது நிறைய வெளிச்சம் வாங்கும். கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரம்கூடப் படத்துல வந்துடும். ஓரம் மட்டும் கொஞ்சம் இழுத்த மாதிரி இருக்கும்.”

“ஓரம் எப்படி இருந்தா என்ன? அதையே குடுங்க” என்று வாத்தியார் கையை நீட்டினார்.

“மெதுவா! வலது பக்கம் தண்ணி டம்ளர். நம்ம வீட்ல ஒரு டம்ளரையாவது உயிரோட விட்டிருக்கீங்களா?”

கடையில் ஒருத்தர் சிரித்தார். பெண்டாட்டியிடம் மூன்று வார்த்தை எதிர்த்துப் பேசாத என் தம்பிக்கு எங்கிருந்துதான் வீரம் வந்ததோ!

“அம்மா, பெரிய மனுஷனை நாலு பேர் முன்னாடி இப்படியா பேசுவாங்க? நீங்க கொஞ்சம் வெளிய நின்னா, அவர் நிம்மதியாப் பார்ப்பார்.”

அந்த அம்மா அவனைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். வெளியே போய்விட்டார்.

“இப்ப வாசல் வெளிச்சத்துல பாருங்க சார்” என்று கேமராவில் லென்ஸை மாட்டிக் கொடுத்தான்.

அவர் எழுந்து நான்கு எட்டு வைத்தார். திறந்திருந்த அலமாரிக் கதவில் நெற்றி மோதியது. ரத்தம் வழிந்தபோதும் கேமராவை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

“ஐயோ, இவ்வளவு பெரிய கதவு சார்...”

“தெரியல தம்பி. நேரா ஒரு காசளவுதான் தெரியும். சுத்தி ஒண்ணும் கிடையாது. ராத்திரியில அந்தக் காசும் போயிடும். நட்சத்திரம் பார்த்து ஆறு வருஷம் ஆச்சு. படமா எடுத்துட்டா, மலையும் வானமும் அந்தக் காசுக்குள்ளயே அடங்கிடும்ல?”

சத்தம் கேட்டு ஓடி வந்த அம்மா, கைக்குட்டையால் நெற்றியை அழுத்திப் பிடித்தார்.

“கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா...” என்றான் என் தம்பி.

“பிடிச்சா எல்லாரும் இவரைக் குருடன்னு பார்ப்பாங்க. திட்டினா என்னைத்தானே ராட்சசின்னு பார்ப்பாங்க. பார்த்துட்டுப் போகட்டும்.”

ஆனால் அன்றைக்கு, ஒரு கையில் லென்ஸ் பையும் மறு கையில் கணவரின் கையுமாகத்தான் அவர் வெளியே போக வேண்டியிருந்தது. சிரித்த ஆள்கூட எழுந்து வழிவிட்டு, “பாவம், கண்ணு தெரியாதவர்” என்றார்.

நீங்கள் கும்பிடும்போது அந்தக் கணவன் மனைவி இரண்டு பேருக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.