தண்ணீருக்கு மேல் கட்டும் கூடு

தூக்கணாங்குருவி பெரும்பாலும் தண்ணீருக்கு மேலேதான் கூடு கட்டும். பாம்பும் காக்கையும் அங்கே வர யோசிக்கும். பெரம்பலூர்ப் பக்கத்துக் கிணறுகளைப் பல வருஷம் சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது. அதனால் பூலாம்பாடியில் எனக்குப் பழக்கமான மஞ்சு, தன் வீட்டு வாசலில் அந்தக் கூடுகள் தொங்குவதாகப் போனில் சொன்னபோது, வேறு ஏதாவது குருவியாக இருக்கும் என்று சலித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

தூக்கணாங்குருவிகளேதான். சிமெண்டு போட்ட வாசலுக்கு மேலே போகும் கேபிள் ஒயரில், மக்காச்சோளத் தோகையைக் கிழித்து வந்து பின்னிக்கொண்டிருந்தன.

தெருவில் நின்றபடியே கேட்டேன். “இங்க முன்னாடி கிணறு ஏதும் இருந்துச்சாம்மா?”

“இல்லிங்க சார், அடியில வெறும் பாறை. ரெண்டு தடவ போர் போட்டும் புழுதிதான் வந்துச்சு,” என்றாள் மஞ்சு, வீட்டுப் படியிலிருந்து.

அவளுடைய நாலு வயது மகள் இனியா தெருவிலிருந்து ஓடி வந்தாள். வாசல் விளிம்பில் நின்றாள். மூச்சை நன்றாக இழுத்து, கன்னத்தை உப்பவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு கூடுகளுக்குக் கீழே மெதுவாக நடந்தாள். படியேறியதும் பெரிதாக மூச்சு விட்டாள்.

“கூடு கட்டுனதுலேர்ந்து இப்படித்தாங்க,” என்று மஞ்சு சிரித்தாள். “யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு தெரியல. நீங்க உள்ள வாங்க சார், டீ குடிக்கலாம்.”

இனியா என்னைப் பார்த்துத் தன் மூக்கைப் பிடித்துக் காட்டினாள்.

நான் செருப்பைக் கழற்றினேன். கழுத்தில் தொங்கிய பைனாகுலரை எடுத்து, நனையாதபடி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.