பதில் போடாத குரல்

றோசலின் இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸில் வெள்ளிக்கிழமை பொழுதுபட்டு, ஜன்னல் விளிம்பில் பனி ஏறிக்கொண்டிருக்கிறது. மெல்பர்னில் இப்போது சனிக்கிழமை காலை. அவளுடைய மகள் சஜிதாவின் முதல் கலைக்கண்காட்சி அங்கே திறக்கிறது. அதை ஃபோனில் பார்ப்பதற்காக றோசலின் நல்ல சேலை உடுத்திக்கொண்டு சமையலறை மேசையில் தனியே இருக்கிறாள். "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ, ஆக்கள் வந்திட்டினம்," என்று மகள் ஃபோனை எங்கோ மல்லாக்க வைத்துவிட்டுப் போகிறாள். திரையில் வெள்ளைக் கூரையும் ஒரு விளக்கும் மட்டும் தெரிகின்றன. கிளாஸ்கள் முட்டும் சத்தமும் சிரிப்பும் ஆங்கிலப் பேச்சும் மெல்ல மெல்ல அடங்குகின்றன. பிறகு ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்கிறது: "பிள்ளை, சாப்பிட்டியே? நேரம் கிடைச்சா ஒருக்கா ஃபோன் எடு." றோசலின் திடுக்கிடுகிறாள். அது அவளுடைய குரல். அவள் அனுப்பி மகள் பதில் போடாத வொயிஸ் மெசேஜ்கள், மகளின் கலைப்படைப்பாக ஒவ்வொன்றாக அந்த மண்டபத்தில் ஒலிக்கின்றன. "இஞ்சை சரியான ஸ்னோ. நான் வெளியில போகேல்லை. நீ சாப்பிட்டியே?" கூச்சத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்துகிறாள், விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போகிறது. அப்போது அங்கே யாரோ ஒரு இளம்பெண் அந்தக் குரலுக்கு மெல்லப் பதில் சொல்கிறாள்: "ஓம் அம்மா, சாப்பிட்டன்." அது சஜிதா இல்லை. றோசலின் ஃபோனை இரண்டு கையாலும் எடுத்து வாயருகே கொண்டுபோகிறாள். "என்ன கறி, பிள்ளை?" என்று கேட்கிறாள்.