வாவிக்கரையான்

மஜீட் கேற்றைப் பூட்டித் திறப்பைச் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டார். உள்ளே கதிரையில் வினாயகமூர்த்தி அகப்பட்டிருந்தார். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் ஒரே மேசையில் இருந்த கூட்டாளி. செட்டிபாளையத்திலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் காத்தான்குடிக்கு வந்து தேத்தண்ணி குடித்துப்போகிறவர்.

"உண்மையச் சொல்லு மச்சான். வாவிக்கரையான் நீதானே?"

விஷயம் இதுதான். இங்கத்தைய முஸ்லிம்களுக்குச் சோனகர் என்ற பெயர் எப்படி வந்தது என்று மஜீட் ஒரு புத்தகம் எழுதிவிட்டார், நாளைக்குப் பின்னேரம் வெளியீடு. மூத்தவாப்பாமார் கப்பலால் இறங்கிய அன்று விடாமல் சோனை மழை பெய்ததாம். சோனையில் வந்தவர்கள் சோனகர் ஆனார்களாம். யார் பார்த்தது என்று கேட்டால் மனிசன் மூன்று நாள் கதைக்கமாட்டார்.

இதைப் பகுதி பகுதியாக ஃபேஸ்புக்கில் போட்டுவந்தார். அங்கேதான் வாவிக்கரையான் என்ற பெயரில் ஒரு சனியன் முளைத்தது. பழைய உரைகாரர்கள் யவனரைத்தான் சோனகர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள், மழைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஐயா இனிக் குடையை மடக்கலாம் என்று எழுதியது. ஊரே சிரித்தது. மஜீட்டுக்குச் சோறு இறங்கவில்லை.

விடுவாரா? அந்தக் கப்பலில் குடையும் இருந்தது என்று புதிதாக ஓர் அத்தியாயமே எழுதினார். அதை இன்னும் ஃபேஸ்புக்கில் போடவில்லை. போன வெள்ளிக்கிழமை வினாயகமூர்த்திக்கு வாசித்துக் காட்டினார், குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த மனைவி ஸாலிஹாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்து வாசித்தார். மறுநாள் விடிய வாவிக்கரையான் அதற்கும் பதில் போட்டிருந்தான். ஸாலிஹா கொட்டாவி விட்டவ. அப்ப கள்ளன் வேறு யார்?

வினாயகமூர்த்தி மாமாங்கப் பிள்ளையார் மேல் சத்தியம் பண்ணிப் பார்த்தார். தன்னுடைய பொத்தான் போனை எடுத்து மேசையில் வைத்தும் பார்த்தார். உன் மகள் வதனியிடம் நல்ல போன் இருக்குத்தானே என்றார் மஜீட். அதோடு வினாயகமூர்த்திக்கு மனம் விட்டுப்போய்விட்டது.

"முப்பது வருஷம் உன்ட பிழையெல்லாம் மூஞ்சிக்கு நேரதானேடா சொன்னனான். திறப்பைத் தா. இனி வெள்ளிக்கிழமை வரமாட்டன்."

மஜீட்டின் கை மடிப்பிலிருந்த திறப்பைத் தொட்டது. முப்பது வருஷக் கூட்டு லேசான காரியமா? ஆனால் ரோசம் யாரை விட்டது. எழும்பி நின்று, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குசினிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எவனெண்டாலும் சரி. வாவிக்கரையான் இனி ஒரு நிமிஷமும் இந்த வீட்டில இரிக்கப்படாது. இது என்ட வீடு!"

'என்ட வீடு' என்றதும் அந்தக் கோபத்திலும் வினாயகமூர்த்திக்கு இருமல் வந்தது. மட்டக்களப்பில் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வருகிறவர். தமிழரும் அப்படித்தான், சோனகரும் அப்படித்தான். வினாயகமூர்த்தியும் பெண்சாதி வீட்டில்தான் இருக்கிறார்.

அந்நேரம் ஸாலிஹா தேத்தண்ணியோடு வந்தா. வினாயகமூர்த்திக்கு ஒரு கோப்பையைக் கொடுத்தா, சீனி போதுமா என்று கேட்டா. பிறகு தன்னுடைய போனை எடுத்து மஜீட்டின் கண்ணுக்கு நேரே பிடித்தா. அதில் வாவிக்கரையான், நாளைய வெளியீட்டுக்கு வருகிறவர்கள் குடை கொண்டுவரவும் என்று பாதி எழுதி வைத்திருந்தான்.

ஸாலிஹா கையை நீட்டினா.

"வாவிக்கரையான் எங்கயும் போகாது. இது உம்மா எனக்குத் தந்த வீடு; திறப்ப வெச்சிப்போட்டு நீங்க வெளிக்கிடுங்க."