உறையில் ஒரு கதவு

பனி இன்னும் விழவில்லை. காற்றில் மட்டும் அதன் வாடை வந்துவிட்டது. அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் மற்றப் படகுகளெல்லாம் வெள்ளை பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு குளிர்காலத் தூக்கத்துக்குப் போய்விட்டன. மிச்சம் எல்வுட்டின் படகுதான். கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்திய அதன்மேல் தொளதொளவென்று தொங்கும் உறையை, கேஸ் குழலின் சுடரால் வருடிக்கொண்டே போகிறாள் நடீன். சூடு பட்ட இடம் சிலிர்த்துச் சுருங்கி, மத்தளத் தோல்போல் இறுகுகிறது. போன வருடம்வரை குழலைப் பிடித்தவர் அவள் கணவர் எல்வுட். இதய அறுவைக்குப் பிறகு கடலே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். வசந்தத்தில் இந்த உறையைக் கிழிக்கப்போவது, படகை விலை பேசியிருக்கும் யாரோ ஒருவர். எல்வுட் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து வாயால் வேலை செய்கிறார்.

"ஒரே இடத்துல காட்டாத, ஓட்டை விழுந்துடும்."

"உன் வாய்க்கு மட்டும் டாக்டர் ஓய்வு குடுக்கலையா?"

"பக்கவாட்டுல ஒரு ஜிப் கதவு ஒட்டிடு, நடீன்."

"இந்தக் குளிர்ல யாரு உள்ள போகப் போறா?"

அவர் வாளியை விட்டு எழுந்துகொள்கிறார். அவள் முணுமுணுத்தபடியே கதவை உறைமேல் ஒட்டி, ஜிப்பைத் திறந்து உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கைக் கீறி வழிவிடுகிறாள். அவள் பிடித்திருக்கும் ஏணியில் மெல்ல ஏறி, எல்வுட் உள்ளே மறைகிறார். வெயில் மறுபக்கம் இறங்குவதால் உறை முழுக்கப் பால்வெளிச்சம். சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் அவர் நிழல் அதில் விழுகிறது. மிச்ச உறையை இறுக்க மறுபடி பற்றவைத்த சுடரை நடீன் அணைக்கிறாள். குழலின் உறுமல் நின்றதும், நிழல் சற்றே நகர்ந்து பக்கத்தில் இடம் விடுகிறது.

"ஏறு. இன்னிக்கு அலையே இல்ல."