ரயில் திரும்ப இடம்

"செவுத்துல ஓட்டை போடக் கூடாதுன்னா கூடாது!"

கொத்தனார் உளியைப் பிடித்தபடி விழித்தார். சுவருக்குக் குறுக்கே நின்றாள் வீட்டுக்காரி.

பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் மசியவில்லை. ஹாலில் பீரோவுக்கும் சோபாவுக்கும் நடுவே பலகை போட்டு, அதன்மேல் பொம்மை ரயிலுக்குக் குட்டித் தண்டவாளம் பதித்திருந்தார்.

"இங்க இருக்கிறது எட்டடி. ரயில் வளைஞ்சு திரும்ப இன்னும் ரெண்டடி வேணும். ஓட்டை வழியா பக்கத்து ரூமுக்குப் போய்த் திரும்பி வரும். ஒரு அடி உயரம் கேட்டேன், முக்கால் அடிக்கு இறங்கி வந்துட்டேன். இன்னும் என்னடி பேரம்?"

"அது என் தம்பி இருக்கிற ரூம்!"

"இருக்கட்டுமே. ரயில் அவனைக் கடிக்கவா போகுது?"

லேத் பட்டறையை இழுத்து மூடிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தவன் தம்பி. மூன்று மாதமாக அந்த அறைக்குள்ளேயே கிடந்தான். தட்டை வைத்தால் பாதி சாப்பிடுவான். கூப்பிட்டால் 'ம்' வரும். அவ்வளவுதான்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவன் இருக்கிறது பாரமா இருந்தா நேராச் சொல்லிடுங்க. செவுத்தை இடிச்சு விரட்டாதீங்க."

அவருக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. "யாருடி விரட்டுறது? கொத்தனாரே, நீங்க அடிங்க!"

மத்தியானத்துக்குள் ஓட்டை விழுந்தது. அறைக்குள் பலகை போட்டு, வளைவுத் தண்டவாளத்தை அவரே பொருத்திவிட்டு வந்தார். கட்டிலில் மச்சினன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். ஏன் என்று கூடக் கேட்கவில்லை.

சுவிட்சைப் போட்டார். ரயில் கிளம்பி ஓட்டைக்குள் நுழைந்தது.

"டொக்!"

திரும்பி வரவில்லை.

"கவுந்துடுச்சு. போய் எடுத்துட்டு வாங்க."

"இருடி."

"அவன் தூங்குவான்..."

"இருன்னா இரு!"

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கதவு திறந்தது.

தாடியும் கசங்கிய சட்டையுமாகத் தம்பி நின்றான். கையில் எஞ்சின்.

"என்ன மாமா வேலை பண்ணியிருக்கீங்க? ரெண்டு தண்டவாளம் சேர்ற இடத்துல இணைப்புத் தகட்டையே காணோம். ஒரு பக்கம் நூலளவு தூக்கிக்கிட்டு நிக்குது. இது கூடவா கண்ணுக்குத் தெரியலை?"

"நான் பழைய இரும்பு விக்கிறவன்டா. எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சவன் நீ செய்."

"தள்ளுங்க. குறடு எங்க? அக்கா, ஒரு டீ போடு. சர்க்கரை கம்மியா."

மூன்று மாதத்தில் அவன் வாயைத் திறந்து கேட்ட முதல் டீ. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். பாத்திரம் உருண்டது. மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

தம்பி குறட்டோடு அறைக்குள் போனதும் கொத்தனார் சிரித்தார். "தகடு போட மறந்துட்டீங்களா சார்?"

அவர் பெருமூச்சு விட்டபடி சட்டைப் பையிலிருந்து அந்தத் தகட்டை எடுத்துக் காட்டினார்.

"மெதுவாப் பேசுங்க. போட்டுட்டுத்தான் கழட்டினேன். நாளைக்கு எதைக் கழட்டலாம்னும் இப்பவே பார்த்து வெச்சுட்டேன்."