இரண்டாம் பக்கம்

மருத்துவக் கல்லூரி வகுப்பறையில் அன்று மைக்கை யாரும் தொடவில்லை. எட்டு மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் வாயே திறக்காமல் ஓரமாக இருந்தார்.

"உன் மேல என்ன எழுதியிருக்கு?" என்று தாளைக் கேட்டது மைக்.

"ஒரு அம்மாவுக்குக் கால்ல புண், ரெண்டு மாசமா ஆறலை. மீதி எல்லாம் ரெண்டாம் பக்கத்துல. அது சார் கையில இருக்கு. சரியான கேள்வி கேட்டாத்தான் கொடுப்பார்."

"கேட்கலைன்னா?"

"அந்தம்மா கால் என்ன ஆகுமோன்னு பயமா இருக்கு."

"என்கிட்ட விட்டிருந்தா ரெண்டே நிமிஷத்துல எல்லாத்தையும் சொல்லி முடிச்சிருப்பேன்!"

மாணவர்கள் முள் குத்தியதா என்றார்கள், களிம்பு போட்டாரா என்றார்கள். பேராசிரியர் இரண்டாம் பக்கத்தைக் கொடுக்கவில்லை.

கடைசியில் மாணவி நஸ்ரின் தயங்கிக்கொண்டே கேட்டாள். "சார், அந்தப் புண் அவங்களுக்கு வலிக்குதா?"

பேராசிரியர் சிரித்தபடி இரண்டாம் பக்கத்தை நீட்டினார். 'வலியே இல்லை' என்று தொடங்கியது அது.

"அப்போ நரம்பு மரத்துப்போயிருக்கு! முதல்ல ரத்தத்துல சர்க்கரை பார்க்கணும்!" என்று எல்லோரும் கத்தினார்கள். தாளுக்கு மூச்சு வந்தது.

மைக் நஸ்ரினை உற்றுப் பார்த்தது. "இவளா? போன வருஷம் பூரா என் எதிரே தூங்கினவளாச்சே!"

பிறகு நிம்மதியாகச் சொன்னது: "அப்பாடா! இனி நான் தூங்கலாம்."